செயின்சா ஆயில் பம்ப்: பெரியதாக மாற்றலாமா? (சித்தப்பா கேட்டதற்கு)

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

சித்தப்பா, உங்கள் மடல் பார்த்தேன். செயின்சாவில் 28 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) மாட்டியதிலிருந்து செயின் காய்ந்து போகிறது, பாரின் விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டது, எண்ணெய் கூடுதலாகத் தள்ளும் பம்ப் வாங்கிப் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நம்மில் இன்னும் சிலர் விறகுக்கும் புயலில் சாய்ந்த மரத்துக்கும் இதே மெஷினைத்தான் எடுக்கிறார்கள் என்பதால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பம்பை மாற்றலாம். அதற்கு முன்னால், இருக்கிற பம்ப் தருகிற எண்ணெய் செயினுக்குப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். பாரைக் கழற்றுங்கள். மெஷின் உடம்போடு ஒட்டும் பக்கம் எண்ணெயில் குளித்திருக்க, செயின் ஓடும் பள்ளம் மட்டும் காய்ந்து மரத்தூள் அப்பியிருந்தால் பம்ப் மேல் குற்றமே இல்லை. பாரின் எண்ணெய்த் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டு, பள்ளத்தை ஒரு தகட்டால் நுனிவரை வழித்துவிடுங்கள். வேறு கம்பெனி பார் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அதன் துளை மெஷினின் எண்ணெய் வாய்க்கு நேராக உட்கார வேண்டும். போல்ட் பொருந்திவிட்டாலே எல்லாம் பொருந்தியதாக நினைத்துவிடுகிறோம்.

பார் பக்கம் சுத்தமாக இருந்தால் எண்ணெய் டாங்கிப் பக்கம் போங்கள். உள்ளே குழாயின் நுனியில் ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். தூளும் பிசினும் சேர்ந்து அதை மூடிவிடும். குழாய் விறைத்து வெடித்திருந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். டாங்கிக்குள் காற்று நுழைய ஒரு வால்வும் உண்டு. அது அடைத்தால், தொடக்கத்தில் எண்ணெய் நன்றாக வந்து போகப் போகக் குறையும். டாங்கி மூடியைத் திறந்து மூடினால் மறுபடி வரும். இந்த அறிகுறி தெரிந்தால் வால்வைச் சுத்தம் செய்யுங்கள், தேறவில்லை என்றால் மாற்றுங்கள். பம்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எண்ணெய் போதவில்லை என்றால் பம்புக்கு வரலாம். கிளட்சுக்குப் பின்னால், என்ஜினின் கிராங்க் தண்டின் மேல் வார்ம் கியர் (திருகு மாதிரி சுற்றிச் செல்லும் பல் உள்ள கியர்) உட்கார்ந்திருக்கும். அது பம்புக்குள் இருக்கும் சிறு தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டு ஓர் ஊசிமேல் உரசிக்கொண்டே சுழல்வதால் முன்னும் பின்னும் போய்வரும். ஒவ்வொரு போய்வருதலிலும் ஒரு துளி எண்ணெயை இழுத்துத் தள்ளும். அளவு கூட்டும் திருகு செய்வதெல்லாம் அந்த அசைவு எவ்வளவு தூரம் என்பதை மாற்றுவதுதான். சில மெஷின்களில் திருகே இருக்காது, ஒரே அளவு. அப்படிப்பட்ட மெஷினில் நீண்ட பார் மாட்டும்போதுதான் பம்ப் மாற்றுவது உண்மையிலேயே பயன் தரும். உங்களுடையதில் திருகு இருந்தால் முதலில் அதை முழு அளவுக்குத் திருப்பிப் பாருங்கள்.

பிளாஸ்டிக் வார்ம் கியர் தனிக் கதை. செயின் பிரேக் போட்டபடி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கிளட்ச் உரசிச் சூடேறும், அந்தச் சூட்டில் கியரின் பல் உருகிவிடும். மெஷின் ஓடும், எண்ணெய் மட்டும் வராது. வாங்கும்போது பம்பையும் வார்ம் கியரையும் ஒரே ஜோடியாக, பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். ஒன்றின் பல் மற்றொன்றோடு சேராவிட்டால் இரண்டையும் தின்றுவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டாங்கியில் பெட்ரோல் தீரும்போது எண்ணெய் கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் மெஷினைச் செய்கிறார்கள். அப்போதுதான் பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் எண்ணெயையும் நிரப்புவோம், செயின் ஒருபோதும் காயாது. பெட்ரோல் டாங்கி 700 மி.லி., எண்ணெய் டாங்கி 360 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் நிமிடத்துக்கு 40 மி.லி. பெட்ரோல் எரிந்தால் 17 நிமிடம் சொச்சம் ஓடும். பம்ப் நிமிடத்துக்கு 20 மி.லி. தள்ளினால் எண்ணெய் 18 நிமிடம் வரும். அதை 30 ஆக்கினால் 12 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க வறண்ட செயின்தான். எந்த நோய்க்குப் பம்ப் மாற்றினோமோ அதே நோய் இன்னும் கடுமையாகத் திரும்பி வரும். பம்ப் மாற்றினால் எண்ணெய் டாங்கியை இடையில் பார்த்து நிரப்பும் பழக்கமும் கூடவே வர வேண்டும். சின்ன பார் மாட்டும் நாளில் திருகைக் குறைத்து வையுங்கள்.

மாட்டும் வேலை கடினமில்லை. மெஷினை முதலில் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கயிற்றை உள்ளே விட்டால் பிஸ்டன் அசையாமல் நிற்கும். புகை போகும் துளையைப் பிஸ்டன் மூடிய பிறகுதான் கயிற்றை விட வேண்டும், இல்லையென்றால் துளையின் விளிம்பு கயிற்றை வெட்டி உள்ளே போட்டுவிடும். கிளட்ச் பெரும்பாலும் இடதுமரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பலம் கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பி மரையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கிளட்ச் டிரம், நீடில் பேரிங், வார்ம் கியர் எல்லாம் வரிசையாக வெளியே வரும், வரும் வரிசையிலேயே ஒரு துணியில் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் வெளியே வந்ததும் கிராங்கின் ஆயில் சீலை ஒரு பார்வை பாருங்கள். அங்கே ஈரம் கசிந்திருந்தால் இப்போதே மாற்றுவது நல்லது. சீல் வழியாகக் காற்று இழுத்தால் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டனே போய்விடும். புதுப் பம்பை மாட்டும் முன் அதன் வாயில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு வெளிர்நிற அட்டையை வைத்து, ஒரு சாண் தள்ளி பாரின் நுனியை நீட்டி மெஷினை முடுக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். செயின் எதிலும் படக்கூடாது, கவனம்.

எந்தப் பம்ப் போட்டாலும் பழைய என்ஜின் ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் இரும்புத் துகள் புதுப் பம்பைத் தேய்க்கும், செயின் அதைக் காற்றில் தெளித்து நம் தோலிலும் மூச்சிலும் சேர்க்கும். செயினில் ஒட்டிப் பிடிப்பதற்கென்றே பார் ஆயில் விற்கிறார்கள், அதையே ஊற்றுங்கள்.

சித்தப்பா, மெஷினின் மாடலையும் பழைய பம்பில் பொறித்திருக்கும் நம்பரையும் அனுப்புங்கள், எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். நீலம் பாய்ந்த அந்த பாரை அதுவரை மாட்ட வேண்டாம். சூட்டில் அதன் விளிம்பு கடினம் இழந்திருக்கும், புது செயினையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.