தேவ அன்பை எங்கே ருசித்தீர்கள்? என் சாட்சி, உங்கள் சாட்சிகள்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக எழுத நினைத்து, வெட்கத்தால் தள்ளிப்போட்ட ஒன்றை இன்று எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள்.

பதினொரு வருடமாக எங்கள் வீட்டு ஜெபக்குழுவை நடத்தி வருகிறேன். வசனம் பகிர்வது, வியாதியாக இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, பண உதவி திரட்டுவது என்று எல்லாவற்றிலும் கொடுக்கிற பக்கத்தில்தான் நான் இருந்திருக்கிறேன். குழுவில் ஒரு பெரியவர் உண்டு. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டுத்தான் போவார். ஜெபிக்கும்போது திக்கித் திக்கி, சொன்னதையே சொல்லி, நீளமாக ஜெபிப்பார். ஒருநாள் எல்லோர் முன்னாலும், "நேரமாகிவிட்டது சகோதரரே, சுருக்கமாக முடியுங்கள்" என்று இடையில் நிறுத்தினேன். "ஆமென்" என்று முடித்துக்கொண்டார். அதற்குப்பின் அவர் சத்தமாக ஜெபிக்கவே இல்லை. எனக்கு அது தெரிந்தே இருந்தது. கூட்டம் நேரத்துக்கு முடிகிறது, நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் எனக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் குனியவே கூடாது என்றார்கள். முதல் வாரம் நிறையப் பேர் வந்தார்கள், ஜெபித்தார்கள், போனார்கள். இவர் மட்டும் தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் வந்து, என்னை எழுப்பி உட்காரவைத்து, முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அதிகம் பேச மாட்டார்.

மூன்றாம் வாரம் என் கால்விரல்களைப் பார்த்தார். நகம் வளர்ந்து போர்வையில் சிக்கிக்கொண்டிருந்தது. நகவெட்டியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, வேண்டாம், வேண்டாம்" என்று காலை இழுத்துக்கொண்டேன். "குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடம் எனக்கு எத்தனை கஷ்டமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறருக்கு இதையெல்லாம் நான் செய்திருக்கிறேன். செய்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு ஒருவர் செய்யும்போது, அதுவும் நான் வாயடைத்துவிட்ட ஒருவர் செய்யும்போது, எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். முன்பு கூட்டத்தில் அவர் ஜெபத்தை நிறுத்தியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தலை நிமிராமல், "அதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன் தம்பி. சத்தமாக ஜெபிக்கத்தான் இன்னும் கூச்சம் போகவில்லை" என்றார். இப்போது எனக்காக ஜெபிப்பீர்களா என்று கேட்டேன். ஜெபித்தார். அதே திக்கல்தான். தேவன் என்னை நேசிக்கிறார் என்று எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த நேசம் என் உடம்பில் வந்து பட்டது அன்றைக்குத்தான்.

அன்றிரவு, இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசித்தேன். 'நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது' என்று பேதுரு சொல்வதைத் தாழ்மை என்றே நினைத்திருந்தேன். 'நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை' என்கிறார் ஆண்டவர். அப்படியானால், வேண்டாம் என்ற அந்த மறுப்பிலும் பெருமை ஒளிந்திருக்க முடியும். இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்தார் என்று அறிந்தவராகவே அவர் எழுந்து சீலையைக் கட்டிக்கொண்டார் என்று 3, 4 வசனங்கள் சொல்கின்றன. தாம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அதனால் தரையில் உட்கார அவருக்குத் தடையும் இல்லை. அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வெளியே போனது அதற்குப் பிறகு, 30ஆம் வசனத்தில்தான். அவன் கால்களும் அந்தக் கைகளில் இருந்திருக்கின்றன. இதை நினைத்துவிட்டு ரொம்ப நேரம் என்னால் தூங்க முடியவில்லை.

பதில் 1

அண்ணா, வாசித்து அழுதுவிட்டேன். என்னுடையது சின்ன அனுபவம்தான். பாடகர் குழுவில் நானும் இன்னொரு அக்காவும் மூன்று வருடம் பேசாமல் இருந்தோம், ஒரே வரிசையில் நின்று பாடிக்கொண்டே. அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் ஒரு திருவிருந்து ஆராதனையில் மத்தேயு 5:23, 24 வாசித்தார்கள். உன் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிற பகுதி. எனக்கு அவர் மேல் என்ன குறை என்று அதில் கேட்கவில்லை, என் மேல் அவருக்கு என்ன குறை என்றுதான் இருக்கிறது. எழுந்து போய், "அக்கா, மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் "சரி" என்றார். அவ்வளவே! கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பழையபடி பேச இன்னும் ஒரு வருடம் ஆனது. ஆனால் அந்தப் பந்திக்குப் போனபோது நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது.

பதில் 2

சகோதரி சொன்னதும் மொரேவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையின் வரலாறு நினைவுக்கு வருகிறது. 1722இல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொரேவியாவிலிருந்து தப்பி வந்த விசுவாசிகள், ஜெர்மனியின் சாக்சனியில் சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற கிராமத்தை உண்டாக்கினார்கள். வேறு வேறு பின்னணியில் இருந்தவர்களும் வந்து சேர, உபதேசத்தையும் வழிபாட்டையும் பற்றிய சண்டையில் ஊர் இரண்டுபட்டது. பிரபு தன் அரசாங்க வேலையை நிறுத்திவைத்துவிட்டு வந்து, வீடு வீடாகப் போய்ப் பேசினார். 1727 ஆகஸ்ட் 13 அன்று எல்லோரும் சேர்ந்து எடுத்த திருவிருந்தில் ஒருவரோடொருவர் ஒப்புரவானார்கள். அதே மாதம் தொடங்கிய ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபிக்கும் இடைவிடாத ஜெபச் சங்கிலி நூறு வருடத்துக்கு மேல் தொடர்ந்தது. 1732இல் முதல் மிஷனரிகள் அங்கிருந்து கிளம்பினார்கள். மிஷனரி ஊழியத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதற்கு முன்னால் நடந்த அந்த வீட்டுச் சந்திப்புகளைப் பற்றி இன்னும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

பதில் 3

ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் முன்பு இருந்த ஒரு குழுவில், தவறைச் சுட்டிக்காட்டியபோதெல்லாம் "தாழ்மையாக இரு" என்றே வாயை மூடினார்கள். தாழ்மை என்ற வார்த்தையே எனக்குக் கசந்துபோனது. பிலிப்பியர் 2இல் கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கினார், தம்மைத்தாமே தாழ்த்தினார் என்றுதான் இருக்கிறது. இன்னொருவர் கழுத்தைப் பிடித்து அமுக்குவது அந்தத் தாழ்மை ஆகாது.

பிறகு இரண்டு சகோதரிகளோடு வாரம் ஒருமுறை கூட ஆரம்பித்தேன். மூன்றே பேர். யாக்கோபு 5:16 சொல்கிறபடி குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிறோம். முதல் தடவை என் பொறாமையைப் பற்றி வாய்விட்டுச் சொன்னபோது குரல் நடுங்கியது. எதிரில் இருந்த சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அதுதான்" என்றார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் எனக்குத் தாழ்மை என்ற அந்த வார்த்தை மறுபடியும் இனித்தது.

முதலில் எழுதியவர்

சகோதரி, தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? தலைவர்களாக இருக்கிற எங்களுக்குத்தான் அது முதலில் கேட்க வேண்டும். நானும் ஒருவர் வாயை மூடியவன்தான்.

அந்தப் பெரியவர் இப்போது கூட்டத்தில் ஜெபிக்கிறார். பழைய மாதிரியே நீளமாகத்தான். முடிந்ததும் நாற்காலிகளை இரண்டு பேருமாக அடுக்குகிறோம். வருகிற புதன்கிழமை அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. இரண்டு நாள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உங்களுக்கு எதற்குச் சிரமம், வேண்டாம் தம்பி" என்றார். நான் போகத்தான் போகிறேன். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.