மண் சரியுறதுக்கு முன்னமே திட்டம் எழுதணும், உதவுங்க

அண்ணன்மார் அக்காமாருக்கு வணக்கம். நான் பதுளைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். எங்க டிவிஷன்ல நாலு லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுக. மேல் லயத்துக்குப் பின்னால, தண்ணி பிடிக்கிற பீலிக்குப் போற பாதையில போன மழைக்கு ஒரு வெடிப்பு விழுந்துச்சு. இப்ப கைய விட்டா முழங்கை வரைக்கும் இறங்குது.

24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் மழைன்னா விழிப்பு, 100ன்னா ஆயத்தம், 150ன்னா வெளியேறணும். இது எங்க பிள்ளைகளுக்கே மனப்பாடம். கோயில் மண்டபத்துக்கு ஓடிருவோம். அதுக்குப் பிறகு? 2014 ஒக்டோபர் 29ல கொஸ்லாந்தை மீரியபெத்தையில லயங்கள மண் மூடிச்சு. தப்பினவங்களுக்குப் புது வீடு கிடைக்க ஏறக்குறைய ரெண்டு வருஷம் போச்சு. அந்த இடைக்காலத்துக்குத்தான் இப்பவே எழுதி வைக்கப் பார்க்கிறோம்.

குடும்ப விபரப் பட்டியல் தயாரிச்ச அனுபவம் யாருக்காவது இருக்கா? லயத்துல ஒரே காம்பராவுல, அதாவது ஒரே அறையில, மூணு குடும்பம் இருந்தா எப்படிப் பதியிறது? பெரிய தலைவலி இதுதான். லயம் தோட்டத்துச் சொத்து, நம்ம பேர்ல ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. இங்கதான் குடியிருந்தோம்னு கிராம சேவகர்கிட்ட முன்கூட்டியே உறுதிப்படுத்தி வாங்க முடியுமா? மாதிரிக் கடிதம் இருந்தா அனுப்புங்க.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதியெல்லாம் பிளாஸ்டிக் வாளியில போட்டு வைக்கலாம்னு அம்மா சொல்றாங்க. மூடி இறுக்கமான வாளியா இருக்கணும், எங்க வீட்டு வாளிய நம்ப முடியாது. போன்லயும் படம் எடுத்திருக்கோம்.

ஞாயிறு காலையில கோயில்ல கூடுறோம். அதுக்கு முன்ன பதில் போட்டா புண்ணியமாப் போகும்.