சித்தப்பா ஃபார்வர்ட் பண்ண திராட்சை விதை வைத்தியம்

சித்தப்பா: *ஃபார்வர்ட்* திராட்சை விதைப் பொடில பல்லு தேய்ச்சா கொலாஜன் ஏறி பல்லு இரும்பாயிடும்!!
சித்தப்பா: மீனா இது நெஜமாம்மா

மீனா: பாதி நெஜம் பாதி புருடா சித்தப்பா 😄 வெளில தெரியிற எனாமல்ல கொலாஜன்ங்கற புரதமே கிட்டத்தட்ட கிடையாது, 96 சதவீதம் கனிமம். உள்ள மஞ்சளா இருக்க டென்டின்லதான் அது நார் நாரா இருக்கும். பொடி அங்க எப்படி போகும்

அத்தை: கண்ணு எனக்கு 2 வருஷம் முன்னாடி பல்லுல அடைச்சது போன வாரம் பெயர்ந்து சோத்தோட வந்துருச்சு, அதுக்கு இது ஆகுமா

மீனா: அத்தை மேட்டரே அதான். அடைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜெல் வச்சு கழுவுவாங்கல்ல, அது 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட், டென்டின்ல 15 செகண்ட் இருந்தாலே கனிமம் கரைஞ்சு கொலாஜன் நார் மட்டும் ஈரப் பஞ்சு மாதிரி நிக்கும், அந்த சந்துல அடைப்பை ஒட்டவைக்கற பிசின் எறங்கி இறுகணும், ஆனா முழுசா எறங்காது, எறங்காத நாரை நம்ம பல்லுலயே இருக்க எம்எம்பிங்கற என்சைம் கொஞ்ச கொஞ்சமா அறுத்துடும்
மீனா: உங்களுக்கு அதான் ஆச்சான்னு பாக்காம சொல்ல முடியாது, அடில திரும்ப சொத்தை விழுந்தாலும் பெயரும்

கார்த்தி: அக்கா அப்ப திராட்சை எங்க வருது

மீனா: தோல் பதனிடறது தெரியும்ல, பச்சைத் தோலு ரெண்டு நாள்ல நாறிடும், மரப்பட்டைச் சாறுல ஊறுனா செருப்பாகி வருஷக்கணக்கா உழைக்கும். பட்டைல இருக்க டானின் கொலாஜனை ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போடுது. திராட்சை விதைல இருக்க ப்ரோஆந்தோசயனிடினும் அதே ஜாதி, நாரையும் இறுக்கும் அந்த என்சைமையும் அடக்கும். லேப்ல நல்லாவே வேலை செய்யுது

கார்த்தி: பல்லுக்கு செருப்பு வைத்தியம் 😂😂

சித்தப்பா: அப்ப ஏன் எல்லா டாக்டரும் போடல

மீனா: பல்லு பழுப்பாயிடும். ஆரம்பத்துல செஞ்ச சோதனைல 10 நிமிஷம், 1 மணி நேரம்னு ஊற வச்சாங்க, வாயைத் தொறந்துட்டு யாரு உக்காருவா. அதோட இது ஆன்டிஆக்ஸிடன்ட், மிச்சம் நின்னா பிசின் இறுகறதையே கெடுக்கும்

அத்தை: டேய் தம்பி நீ அந்தப் பொடிய வாங்கிட்டியா

சித்தப்பா: காலைல ஒருவாட்டி தேய்ச்சேன்க்கா

மீனா: 🤦 சித்தப்பா கொரகொரன்னு இருந்தா விட்டுடுங்க, எனாமல்தான் தேயும். அத்தை நீங்க அந்தக் குழிய சும்மா விடாம இந்த வாரமே காட்டிடுங்க

சித்தப்பா: நான் இதை இன்னும் 4 குரூப்ல போட்டுட்டேன், டெலிட் ஃபார் எவ்ரிஒன் எங்கடா இருக்கு கார்த்தி