ரோபோ கறவை: தினமும் 22 மாட்டை ஓட்டி வரவேண்டியிருக்கிறது, கேட் போட்டால் தீருமா?

ஆன்டாரியோ_கறவை:
கனடாவில் பண்ணை. பால் கறக்கும் 2 ரோபோ, 116 கறவை ஹோல்ஸ்டீன் மாடு. மாடுகள் இஷ்டப்படி போய்வரும் அமைப்பு, நடுவில் கேட் எதுவும் கிடையாது. சராசரி நாளுக்கு 2.3 கறவை, ஒரு கறவைக்கு ரோபோ பெட்டியில் (மாடு நின்று கறக்கப்படும் கூண்டு) 7 நிமிடம், பெட்டி காலியாக இருக்கும் நேரம் 9 சதவீதம். தானாக வராத மாடுகளின் பட்டியலைக் காலை 6, மாலை 5 மணிக்குப் பார்த்து, மொத்தம் 22 மாட்டை ஆள் ரோபோவுக்கு ஓட்டி வருகிறார். தீவன மேடையில் மக்காச்சோள சைலேஜ் (காற்றுப்படாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்), குதிரைமசால் சைலேஜ் கலவை. ரோபோவில் மாட்டுக்கு நாளுக்குச் சராசரி 5 கிலோ பெல்லட் (குச்சித் தீவனம்). கறவை நேரம் ஆன மாட்டை ரோபோ பக்கம் பிரித்துவிடும் கேட் வைக்கலாம் என்கிறார் முதலாளி. பலன் இருக்குமா?

தவிடு_புண்ணாக்கு:
முதலில் தீவனத்தைப் பாருங்கள். மாடு ரோபோவுக்குள் வருவது பால் கனத்ததால் அல்ல, பெல்லட்டுக்காக. மேடைக் கலவையை மந்தைச் சராசரிப் பாலுக்கே போட்டிருந்தால் வயிறு அங்கேயே நிரம்பிவிடும். சராசரியை விட 5 முதல் 7 கிலோ பால் குறைவாகக் கணக்குப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பெல்லட் இறங்கும் வேகம். நிமிடத்துக்கு 300 கிராம் என்றால் 7 நிமிடத்தில் 2.1 கிலோதான். கணினியில் நாளுக்கு 7 கிலோ என்று எழுதிய மாடு 2.3 தடவை வந்தால், ஒவ்வொரு தடவையும் 3 கிலோ தின்றாக வேண்டும்; நடக்காது. திரையில் 7, வயிற்றில் 5. வேகத்தை மட்டும் கூட்டினால் தொட்டியில் மிச்சம் கிடக்கும். அதை நக்க, கறவை நேரம் ஆகாத மாடெல்லாம் திரும்பத் திரும்ப நுழையும். பக்கெட் பிடித்து, தராசில் நிறுத்து அளவைச் சரிபாருங்கள்; புது லோடு வந்ததும் மறுபடி. தூள் அதிகமாக இருந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

பெல்லட்டை ஏற்றிக்கொண்டே போவதும் ஆகாது. மாவுச்சத்து கூடினால் வயிற்றில் அமிலம், பாலில் கொழுப்பு இறங்கும். உங்கள் ஊரில் பால் விற்க அனுமதிக்கும் கோட்டாவே கொழுப்புக் கணக்குதானே!

நொண்டிமாடு:
மேலே சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அவர் கொடுத்த எண்களிலேயே விஷயம் இருக்கிறது. ஒரு ரோபோவுக்கு 58 மாடு, 2.3-ஆல் பெருக்கினால் சுமார் 133 கறவை. 7 நிமிடம் வீதம் பதினைந்தரை மணி நேரம். கழுவுவதற்கு ஒரு மணி நேரம், காலி நேரம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தாலும் 19 மணிதான் வருகிறது. மிச்ச 5 மணி நேரம் எங்கே?

தோல்விக் கறவை அறிக்கையையும், கறக்காமல் ரோபோ திருப்பி அனுப்பிய வருகைகளையும் பாருங்கள். மடியில் முடி வளர்ந்திருந்தால், கேமரா கண்ணாடியில் சாணி அப்பியிருந்தால், பின்காம்பு இரண்டும் ஒட்டியிருந்தால், ரோபோவின் கை காம்பைத் துழாவிக்கொண்டே நிற்கும். மடி முடியை ஒழுங்காக எடுங்கள், கண்ணாடியைத் தினமும் துடையுங்கள். எத்தனை முறை திருத்தியும் காம்பு சிக்காத மாட்டைக் கழித்துவிடுவது மேல். மடியில் எவ்வளவு பால் எதிர்பார்த்தால் கறக்க அனுமதி என்று ரோபோவில் வைத்திருக்கிறது? 6 கிலோவுக்கே திறந்தால் பெட்டி வீணாகும். 9 கிலோவை ஒட்டி வையுங்கள். அந்த 22-ல் யார் யார்?

ஆன்டாரியோ_கறவை:
நொண்டல் 7, கன்று ஈன்று மாதமாகாத தலையீற்று 6, மிச்ச 9 மாடும் கறவைக் காலத்தின் கடைசிக் கட்டம். அனுமதி 6.5 கிலோவில் இருக்கிறது.

நொண்டிமாடு:
அப்படியானால் கேட் வேண்டாம். கால் வலிக்கும் மாடு தீவனத்துக்கு எழுந்து போகும், ரோபோவில் வரிசை நிற்காது. கேட் போட்டால் அது காத்திருப்புப் பட்டியில் நின்றே காலைக் கெடுத்துக்கொள்ளும். குளம்பு சீவுபவரைக் கூப்பிடுங்கள். கடைசிக் கட்டத்து 9-ல், கடைசியாகக் கறந்து 12 மணி நேரம் தாண்டாதவற்றை எழுப்பவே வேண்டாம். தினமும் அதே நேரத்தில் ஆள் வந்தால், மாடு ஆளுக்காகப் படுத்துக் காத்திருக்கப் பழகிவிடும்.

கேட்டுக்கடை:
கேட் என்றாலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. படுக்கையிலிருந்து மேடைக்குப் போகும் வழியில் கேட் வைத்தால், கறவை நேரம் ஆன மாடு முதலில் ரோபோ பக்கம் திரும்பும். ஓட்டுவது நிச்சயம் குறையும், பெல்லட்டும் குறைவாகப் போதும். ஆனால் பயந்த மாடு மேடைக்குப் போகும் தடவைகள் குறையும், அந்த இழப்பு பால் தொட்டியில் தெரியும்.

உங்களுக்கு நடுவழி ஒன்று போதும். ரோபோ வாசலை ஒட்டி, நாலைந்து மாடு பிடிக்கும் சின்னப் பட்டி. ஓட்டி வந்ததை அதற்குள் விட்டுவிட்டு ஆள் போய்விடலாம். வாசல் இரண்டு பக்கமும் திறப்பதாக இருக்கவேண்டும்: உள்ளே நிற்பதும் நுழையலாம், வெளியிலிருந்து தானாக வருவதும் நுழையலாம். இல்லாவிட்டால் பட்டியில் ஒரு தலையீற்று மிரண்டு நிற்கையில் வெளியே ஐந்து மாடு முறைத்துக்கொண்டிருக்கும். வாசல் முன்னால் 6 மீட்டராவது வெற்றிடம் விடுங்கள். வெளியேறும் வழியில் உடனே தண்ணீர்த் தொட்டியோ குளம்பு மருந்துத் தொட்டியோ வைக்காதீர்கள். தண்ணீர் இருந்தால் மாடு அங்கேயே நிற்கும், மருந்துத் தொட்டி இருந்தால் வெளியே வரவே தயங்கும்.

தலையீற்று 6-க்குத் தனி வழி: ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, கறக்காமல், பெல்லட் மட்டும் கொடுத்துப் பெட்டிக்குள் நடத்திப் பழக்குங்கள். அடுத்து ஈனப்போகும் கிடேரிகளை இந்த வாரமே தொடங்கிவிடலாம்.