ட்ரெய்லர் இழுக்க வண்டி பாக்குறவங்க முதல்ல கதவத் திறந்து பாருங்க

"எவ்ளோ இழுக்கும்"னு கேட்டு தான் நானும் வண்டி எடுத்தேன். ப்ரோஷர்ல 3,500 கிலோன்னு போட்டிருந்துச்சு. என்னோடது மினி எக்ஸ்கவேட்டர் 1,700 கிலோ, ட்ரெய்லர் 700, பக்கெட்டு அது இதுன்னு ஒரு 200, ஆக மொத்தம் 2,600 தான் வருது, இன்னும் 900 கிலோ கையில இருக்கேன்னு நம்பிட்டேன். நிறைய பேர் இதே கணக்குல தான் வண்டி எடுக்குறாங்க, அதனால எனக்கு நடந்தத முழுசா எழுதுறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொத தடவ மாட்டினப்பவே வண்டி பின்னாடி உக்காந்துடுச்சு. ஹெட்லைட் மேல தூக்கிக்கிட்டு எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்குது, ஸ்டியரிங் பிடிச்சா ரோட்டோட ஒட்டாத மாதிரி லேசா இருக்கு. அப்புறம் தான் ஒரு பழைய லாரி டிரைவர் அண்ணன் என் டிரைவர் கதவ திறந்து பில்லர்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கர காட்டினாரு. ஆளும் சாமானும் சேத்து 620 கிலோவுக்கு மேல கூடாதுன்னு இருந்துச்சு. ட்ரெய்லரோட மூக்கு ஹிட்ச் (வண்டி பின்னாடி ட்ரெய்லர் மாட்டுற இடம்) மேல அழுத்துற எடையும் இந்த 620க்குள்ள தான் அடங்கணும் தம்பின்னாரு. எனக்கு அது வரைக்கும் அது தெரியவே தெரியாது.

அந்த எடைய அவரே அளந்தும் காட்டினாரு. வீட்டுல நாம ஏறி நின்னு பாக்குற எடை மெஷின் தான். ஒரு கனமான பலகை, ஒரு முனைக்கு கீழ இரும்பு பைப்பு, இன்னொரு முனைக்கு கீழ மெஷின். பைப்புல இருந்து ஒரு அடி தள்ளி, மெஷின்ல இருந்து ரெண்டு அடி தள்ளி, பலகை மேல ட்ரெய்லர் மூக்க இறக்கணும், மெஷின் காட்டுறத மூணால பெருக்கணும். 103 காட்டுச்சு, அப்ப 309 கிலோ. மொத்த எடையில 12 சதவீதம், அது சரியான அளவு தான், இந்த மாதிரி ட்ரெய்லருக்கு 10ல இருந்து 15 சதவீதம் மூக்குல இருக்கணும். ஆனா என் வண்டியில நான், கூட ரெண்டு பேரு, சேத்து 230 கிலோ, பின்னாடி டூல் பாக்ஸும் டீசல் கேனும் 150. கூட்டுனா 690 கிட்ட வருது. இழுவைக்கு 900 கிலோ மிச்சம் இருக்குற வண்டி சுமைக்கு 70 கிலோ ஓவர்.

அதுல இன்னொண்ணும் இருக்கு. ஹிட்ச்ல ட்ரெய்லர் கவ்வுற இரும்பு உருண்டைய பால்னு சொல்வாங்க, அது இருக்குறது பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னாடி, வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல உள்ள தூரம், 3.1 மீட்டர். சீசா மாதிரி தான், பின்னாடி 310 கிலோ அழுத்துனா முன் சக்கரத்துல இருந்து சுமார் 120 கிலோ கழண்டு போய் பின் ஆக்ஸில்ல 430 ஏறிடுது. ஸ்டியரிங் ஏன் லேசாச்சுன்னு அப்ப தான் புரிஞ்சுது.

இது வரைக்கும் கேட்டுட்டு நான் பண்ணின காரியம் தான் பெரிய தப்பு. வண்டி பின்னாடி உக்காருதேன்னு அடுத்த ட்ரிப்ல எக்ஸ்கவேட்டர ட்ரெய்லர் மேல ஒன்றரை அடி பின்னாடி தள்ளி நிறுத்தினேன். வண்டி நேரா நின்னுச்சு, பாக்க அழகா இருந்துச்சு. ஒரு நீளமான இறக்கத்துல 85ல போயிட்டு இருக்கப்ப ஒரு பெரிய லாரி தாண்டி போச்சு, அந்த காத்துல ட்ரெய்லர் லேசா ஆடுச்சு, அடுத்த ஆட்டம் அதவிட பெருசு, மூணாவதுல என் வண்டியோட பின்பக்கத்தையே இழுத்து வீசுது, கண்ணாடியில ட்ரெய்லரோட சைடு முழுசா தெரியுது. கால் தானா பிரேக்குக்கு போயிடுச்சு, ஆட்டம் இன்னும் கூடுச்சு. கூட இருந்தவரு "பிரேக்க விடு, கைல பிடி"ன்னு கத்தினாரு. கால எடுத்துட்டு, ஸ்டியரிங்க நேரா பிடிச்சுட்டு, ட்ரெய்லர் பிரேக்க மட்டும் தனியா போடுற கண்ட்ரோலர் லீவர கையால தள்ளினேன், ட்ரெய்லர் பின்னாடி இருந்து இழுத்து பிடிச்சு நேராச்சு. ஓரம் கட்டி நிறுத்தி ரொம்ப நேரம் யாரும் பேசல.

அப்புறம் திரும்ப அளந்தேன், மெஷின் 31 காட்டுச்சு. மூக்கு எடை 93 கிலோ, மொத்த எடையில மூணரை சதவீதம் கிட்ட தான். பால்ல இருந்து ட்ரெய்லர் ஆக்ஸில் வரைக்கும் மூணரை மீட்டர், 1,700 கிலோ எக்ஸ்கவேட்டர ஒரு அடி நகத்துனா மூக்குல கிட்டத்தட்ட 145 கிலோ மாறுது, நான் ஒன்றரை அடி நகத்தியிருக்கேன். சரியான மூக்கு எடைய என் வண்டி தாங்கல, என் வண்டிக்கு தாங்குற எடையில ட்ரெய்லர் நிக்கல. அன்னைக்கு தான் வண்டிய மாத்துறதுன்னு முடிவு பண்ணேன்.

இழுவை அளவு பொய்னு நான் சொல்ல வரல. அமெரிக்காவுல ஜே2807ன்னு ஒரு டெஸ்ட் முறை இருக்கு, டொயோட்டா தான் 2011 டன்ட்ராவுக்கு முதல்ல ஏத்துக்கிட்டாங்க. அரிசோனாவுல டேவிஸ் டேம் ஏத்தம், 11.4 மைல், ஏசி ஓட விட்டு, சாதாரண பிக்கப் 40 மைல் வேகத்துக்கு கீழ இறங்காம ஏறணும். கடுமையான டெஸ்ட் தான், ஆனா வண்டிக்குள்ள டிரைவரும் கூட ஒரு ஆளும் தான் கணக்கு. நம்ம மூணு பேரும் டூல் பாக்ஸும் அதுல கிடையாது.

இப்ப இருக்குறது ஸ்டிக்கர்ல 1,100 கிலோ, வீல்பேஸ் 3.6 மீட்டர். ப்ரோஷர் இழுவைய பாத்தா பழசுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஓட்டிப் பாத்தா வேற உலகம்.

———

அண்ணே படிக்கவே பதறுது, நல்லவேளை. நான் ஏத்தத்துல பட்டத சொல்றேன். எனக்கு பெட்ரோல் வண்டி, டர்போ இல்ல, கேரவன் 2,200 கிலோ. கீழ சமதளத்துல பிரமாதமா போகும், மலை மேல 2,000 மீட்டர்கிட்ட போனதும் மூச்சு வாங்குது. டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டருக்கு 3 சதவீதம் கிட்ட பவர் இழக்கும்னு பின்னாடி தெரிஞ்சுது, அப்ப மேல போறப்ப அஞ்சுல ஒரு பங்கு காணாம போயிருக்கு. ஆட்டோ கியர் நாலுக்கும் அஞ்சுக்கும் மாறி மாறி தாவிக்கிட்டே இருந்துச்சு, டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் ஆட்டோ கியர்பாக்ஸையும் ஆயில் வழியா இணைக்குறது) லாக் ஆகாம வழுக்கிக்கிட்டே இருந்தா அந்த சூடெல்லாம் கியர் ஆயிலுக்கு தான் போகும். டிப்ஸ்டிக்க துடைச்சுப் பாத்தேன், செக்கச் செவேல்னு இருந்த ஆயில் டீ டிகாஷன் நிறத்துல, தீஞ்ச வாடையோட. கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டியதாயிடுச்சு. டோ மோடு பட்டன் வண்டியில இருந்துச்சு, நான் தொடவே இல்ல, அது கியர தாவ விடாம பிடிச்சு வைக்கும், இறக்கத்துல தானா கியர குறைக்கும். வண்டி பாக்குறப்ப தனி கியர் ஆயில் கூலர் இருக்கா, டெம்பரேச்சர் மீட்டர்ல காட்டுதா, இது ரெண்டும் கேளுங்க.

டீசல் எடுக்குறவங்களுக்கு ஒண்ணு. டீசல் தான் இழுக்க சுகம், கீழ் ஆர்பிஎம்லயே டார்க் (சுத்துற விசை) வந்துடும், டர்போ இருக்குறதால மலையிலயும் பெருசா தெரியாது. ஆனா டீசல்ல பெட்ரோல் மாதிரி காத்த அடைக்குற த்ராட்டில் கிடையாது, சும்மா கால எடுத்தா இன்ஜின் அவ்வளவா பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளிய போறத அடைச்சு இன்ஜினையே பிடிக்க வைக்குறது) இருக்குற மாடலா பாருங்க.

———

குதிரை ட்ரெய்லர் இழுக்குறேன், எங்களுக்கு லோடு தானா நகரும். ரெண்டு குதிரை ஒரே நேரத்துல ஒரு பக்கம் சாஞ்சா வண்டிக்குள்ள உக்காந்திருக்கவனுக்கு இடுப்புல தெரியும். அதனால நான் குட்டையான எஸ்யூவிய விட்டுட்டு நீளமான வீல்பேஸ், கனமான வண்டின்னு போனேன், ஒரு நாளும் வருத்தப்படல. எலக்ட்ரிக் வண்டியிலயும் ஆறு மாசம் இழுத்துப் பாத்தேன், இழுவைக்கு குறையே இல்ல, இறக்கத்துல மோட்டாரே பிடிச்சுக்குது, பிரேக் சூடாகல. ஆனா உயரமான ட்ரெய்லர் காத்த தள்ளிக்கிட்டு போறதால ரேஞ்ச் பாதியாயிடுது, சார்ஜர்ல ட்ரெய்லரோட நிறுத்த எடம் இல்லாம வெயில்ல குதிரையோட கழட்டி மாட்டுறது பாவம்ங்க. பக்கத்துல பக்கத்துல போறவங்களுக்கு ஓகே.

———

எல்லாருக்கும் நன்றி, மேல மொதல்ல எழுதினவன் தான் பேசுறேன். பிரேக் பத்தி கேட்டிருந்தாங்க. ஐரோப்பாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் 750 கிலோ தாண்டுன ட்ரெய்லருக்கு தனி பிரேக் கட்டாயம், உங்க ஊர்ல சட்டம் எப்படி இருந்தாலும் இந்த அளவ மனசுல வைங்க. 60ல போறதுக்கு பதிலா 85ல போனா பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி ரெண்டு மடங்கு, அதனால இறக்கம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே கியர குறைச்சுடுறேன். ட்ரெய்லர் டயருக்கும் தனி வேக அளவு உண்டு, பக்கவாட்டுல எழுதியிருக்கும், வண்டி டயரோட அளவ விட அது பெரும்பாலும் குறைவா இருக்கும்.

பழைய வண்டியிலயே வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் போட்டிருக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. அது பின்னாடி அழுத்துற எடைய முன் சக்கரத்துக்கும் ட்ரெய்லர் ஆக்ஸிலுக்கும் பிரிச்சுக் குடுக்கும், ஸ்டியரிங் திரும்ப கைக்கு வரும், நல்ல சாமான் தான். ஆனா ஸ்டிக்கர்ல இருக்குற 620 அப்படியே தான் இருக்கும், ஹிட்சோட சொந்த எடையும் அதுலயே ஏறும். எனக்கு அது வழி இல்ல.

கடைசியா பால் சைஸ். 50 மில்லிமீட்டர் பாலும் ரெண்டு இஞ்ச் பாலும் பக்கத்துல வச்சா கண்ணுக்கு ஒண்ணு தான், ரெண்டு இஞ்ச் 50.8 வரும், கப்ளர் (ட்ரெய்லர் மூக்குல பால கவ்வுற பாகம்) மேல என்ன நம்பர் அடிச்சிருக்கோ அதே தான் போடணும். மாட்டி லாக் போட்டதும் ஜாக்கி சக்கரத்த சுத்தி ட்ரெய்லர் மூக்க மேல தூக்கிப் பாருங்க. வண்டியோட பின்பக்கமும் கூடவே ஏறுச்சுன்னா கவ்வியிருக்கு. கப்ளர் மட்டும் தனியா ஏறுச்சுன்னா மாட்டவே இல்ல, இறக்கி திரும்ப மாட்டுங்க.