ஓய்வுபெற்ற ஆசிரியை மாகாண சபைக்குப் போட்டியிட்டால் என்ன செய்ய முடியும்?

தீவகத்து ரீச்சர்:
முப்பத்தொரு வருடம் கணிதம் கற்பித்துவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். அதில் ஏழு வருடம் யாழ்ப்பாணத்துக்கு அப்பால், கடல் கடந்து போக வேண்டிய நெடுந்தீவில். போன கிழமை பழைய மாணவர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, "மாகாண சபைத் தேர்தல் வந்தால் நீங்கள் நிற்கத்தான் வேண்டும், ரீச்சர்" என்றார்கள். கட்சிக் கூட்டம் எதற்கும் போகாதவள் நான். ஆனாலும் மறுக்க வாய் வரவில்லை.

காரணம் ஒரு கொப்பி. தீவில் இருந்த காலத்தில், எந்த நாளில் எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் நடக்கவில்லை என்று அதில் குறித்துவந்தேன். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஆசிரியர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். பிள்ளைகளோ வெள்ளைச் சீருடையோடு வந்து வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கடலையாவது மன்னிக்கலாம். இடமாற்றம் பெற்றுப் போனவரின் இடத்துக்கு ஒரு தவணை முழுதும் எவரும் வராததை எப்படி மன்னிப்பது? விஞ்ஞானத்துக்கு நேரே பக்கம் பக்கமாக 'இல்லை' என்றே எழுதியிருக்கிறேன். மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

சபையில் ஓர் உறுப்பினரால் இதற்கு உண்மையில் ஏதாவது செய்ய முடியுமா?

கைதடி எழுதுவினைஞர்:
ரீச்சர், வட மாகாண சபை கூடிய காலத்தில், அதன் கட்டடம் இருக்கும் கைதடியில் வேலை செய்தவன் நான். முடியாததை முதலில் சொல்கிறேன். ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் உறுப்பினர் கையில் இல்லை. மாகாண பொதுச்சேவை ஆளுநரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதற்கென ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் நீங்கள் வென்ற மறுநாள் விடியவே இடமாற்றக் கடிதத்தோடு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அவர்களிடம் "என்னால் முடியாது" என்று சொல்லும் திடம் வேண்டும்.

தேசியப் பாடசாலைகள் கொழும்பு அமைச்சின் கீழ் வருகின்றன. மாகாணப் பாடசாலைகள்தான் சபைக்குரியவை. வரவு செலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சின் ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும் நாளில், அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, திகதி சொல்லி, பாடம் சொல்லிக் கேளுங்கள். மேசையில் தட்டிப் பேசியவர்களை நிறையப் பார்த்தேன். திகதியோடு பேசியவர்கள் மிகக் குறைவு. உங்கள் கேள்வி ஹன்சாட்டில், அதாவது சபையின் அதிகாரபூர்வப் பேச்சுப் பதிவில், ஏறிவிடும்.

திருநெல்வேலி வாசகன்:
அக்கா, ஆசிரியர் சட்டசபைக்குப் போவது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. பரமேஸ்வராக் கல்லூரி அதிபராக இருந்த சு. நடேசபிள்ளை 1934-இல் காங்கேசன்துறையிலிருந்து, அன்றைய இலங்கைச் சட்டசபையான அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1931 தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததால் மூன்று ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த ஆசனம் அது. இன்று அந்தக் கல்லூரி வளவில் பல்கலைக்கழகம் நிற்கிறது.

ஆனால் இப்போது வெறுமையாகக் கிடப்பது ஓர் ஆசனம் அல்ல, சபையே. 2013 செப்டெம்பரில் தெரிவான 38 பேரின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்ற 2017-இல் சட்டம் திருத்தினார்கள். அடுத்த ஆண்டு, அந்த முறைக்குத் தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் நிராகரித்தது. அதனால் தேர்தல் நடக்கவில்லை. சபையின் காலம் முடிந்ததிலிருந்து எல்லாமே ஆளுநர் கையில். ஏழு வருடக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் கேள்வி கேட்க ஒரு மண்டபம் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

தீவகத்து ரீச்சர்:
தம்பிமார் இருவருக்கும் நன்றி. வாசலில் நிற்பவர்களுக்கு "முடியாது" என்று சொல்வது எனக்குக் கடினமாகத்தான் இருக்கும். அதைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். மாணவர்களிடம், தேர்தல் அறிவித்தால் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் கொப்பி பழையதாகிவிட்டது. வருகிற திங்களன்று முதல் படகில் நெடுந்தீவு போகிறேன். அங்கே இப்போது கற்பிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். புதுக் கொப்பி ஒன்றுக்குக் கோடு போட்டு எடுத்து வைத்திருக்கிறேன், அவளிடம் கொடுக்க.