குட்டி நிலா 2006 ஆர்ஹெச்120 சிமுலேஷன்ல நிக்க மாட்டேங்குது, உதவி வேணும்

வணக்கம், மூணு வாரமா மாட்டிக்கிட்டேன். 2006 செப்டம்பர்ல அரிசோனாவுலேர்ந்து வானத்துல கண்டுபிடிச்ச விண்வெளிக் கல்லு இது, ரெண்டு மூணு மீட்டர் சைஸ்தான், முதல்ல ராக்கெட் துண்டோன்னு கூட சந்தேகப்பட்டாங்க, 2007 ஜூன் வரைக்கும் பூமியைச் சுத்திட்டுத்தான் போச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கல்லு. அதோட பாதையை பைத்தான் ப்ரோக்ராம்ல கணக்குப் போட்டு வரையுறேன். முதல் சுத்து அழகா வருது, கோடு நிலாவைத் தாண்டிப் போய் வளைஞ்சு திரும்புது, ரெண்டாவது சுத்துல அப்படியே விலகி ஓடிடுது.

ஒவ்வொரு கணக்குக்கும் நடுவுல இருக்கிற நேர இடைவெளியை (ஸ்டெப்) ஒரு மணி நேரத்துலேர்ந்து ஒரு நிமிஷமா குறைச்சேன், அடுத்தடுத்த இடத்தைக் கணக்கிடுற முறையை (இன்டக்ரேட்டர்) மாத்தினேன், ஆரம்ப நிலை, வேகம் ரெண்டையும் விண்பொருள்களோட இடம், வேகம் எல்லாம் தர்ற நாசாவோட ஹொரைசன்ஸ் தளத்துல மறுபடி எடுத்தேன். சூரியன், பூமி, நிலா மூணோட ஈர்ப்பும் இருக்கு. சூரிய ஒளியோட அழுத்தம் மட்டும் சேர்க்கல.

இவ்ளோ சின்ன கல்லுக்கு அதை விட்டா பாதை இந்த அளவுக்கு மாறுமா?